பாறைமேட்டுக் கசிவு

தாய்மாமன் சீர் கொண்டு போன அன்றைக்குத்தான் நடராசனுக்கு அந்த அவமானம் நேர்ந்தது.

தங்கச்சி சிந்தாமணியின் மகள் அனிதா வயசுக்கு வந்திருந்தாள். சித்திரை முதல் வாரத்தில் சடங்கு. குன்னத்துக்குத் தெற்கே ஆலங்குறிச்சியிலிருந்து தங்கச்சி வாழ்க்கைப்பட்ட தெக்குக்கொட்டாய் என்ற சின்னக் குடியிருப்புக்கு ஒன்றரை கிலோமீட்டர். பட்டுப்பாவாடை, வெள்ளிக் கொலுசு, பதினோரு தட்டில் பழம், பூ எல்லாம் எடுத்துக்கொண்டு முன்னால் மேளம் அடிக்க நடராசன் சொந்தபந்தத்தோடு நடந்து போனான். கொட்டாயின் முகப்பில் வேப்பமரத்தடியில் ஒரு தெருக்குழாய் உண்டு. அதைச் சுற்றி முப்பது நாற்பது காலிக் குடங்கள் வரிசை கட்டி வழியை மறித்திருந்தன. குடங்களுக்குப் பின்னால் பெண்கள் நின்றார்கள்.

"சீரெல்லாம் நல்லாத்தான் கொண்டாந்திருக்க நடராசா," என்றாள் அம்மாக்கண்ணு. கொட்டாயில் எல்லாருக்காகவும் பேசுகிறவள் அவள்தான். "எங்களுக்கு ரெண்டு கொடம் தண்ணி கொண்டாந்தியா?"

மேளம் நின்றுபோனது.

நடராசன் ஆலங்குறிச்சி பஞ்சாயத்தில் டேங்க் ஆபரேட்டர். காலையில் மோட்டார் போட்டு மேல்நிலைத் தொட்டியை நிரப்புவது, ஐந்தரை மணிக்கு ஊருக்கும் ஆறரைக்குக் கொட்டாய்க்கும் வால்வைத் திறப்பது, குழாய் உடைந்தால் ஒட்டுவது எல்லாம் அவன் வேலை. ஊருக்குள் தண்ணீர் ஒழுங்காக வந்தது. கொட்டாய்க்கு மட்டும் பத்தொன்பது நாளாகச் சொட்டுத் தண்ணீர் இல்லை. போன பஞ்சாயத்துத் தேர்தலில் கொட்டாய் ஜனங்கள் இப்போதைய தலைவருக்கு ஓட்டுப் போடவில்லை. நடராசனுக்கு வேலை கொடுத்தது அந்தத் தலைவர். அப்புறம் என்ன, கணக்குச் சரியாக இருந்தது அவர்களுக்கு.

"சிறுவாச்சூர் காளி மேல சத்தியமா நான் வால்வ முழுசாத் தொறந்துதான் வுடுறேன் ஆத்தா," என்றான். "பதினாறு சுத்து. எண்ணி எண்ணித் தொறக்கிறேன்."

"அப்ப தண்ணி எங்க போவுது? ஆவியாவா போவுது?"

கடைசியில் தங்கச்சி புருசன் செல்லதுரை வந்து குடங்களை நகர்த்தி வழிவிட்டான். சடங்கு நடந்தது. நடராசன் மாலை போட்டான், சீர் வைத்தான். பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்தபோது சிந்தாமணி சோறு போட வந்தாள். முகத்தைப் பார்க்காமல் மெதுவாகத்தான் சொன்னாள்.

"எம் மவளுக்குத் தலைக்கு ஊத்துற தண்ணிய அவரு சைக்கிள்ல மூணு நடை போயி கெணத்துலேர்ந்து கொண்டாந்தாரு. தண்ணி தொறந்துவுடுறது எங்க அண்ணன். ஊரு ஜனம் கேக்குறதுக்கு நான் என்னன்னு பதில் சொல்லட்டும்?"

அதற்குப் பிறகு அவள் அவனோடு பேசவில்லை. வாரச் சந்தையில் எதிர்ப்பட்டபோதுகூட வெங்காயத்தைப் பொறுக்குகிற மாதிரி குனிந்துகொண்டாள்.

சடங்கு முடிந்த அடுத்த வாரம் ஒன்றியத்திலிருந்து இன்ஜினியர் வந்தாள். நர்மதா என்று பெயர். உடையார்பாளையம் பக்கம் சொந்த ஊர், விவசாயக் குடும்பம். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருசம் ஆகியிருந்தது. கூட ஆள் யாரையும் கூட்டிக்கொண்டு வராமல் மொபெட்டில் தனியாக வந்து இறங்கியதுமே நடராசனுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் நம்பிக்கை போய்விட்டது. ஆனால் அவள் சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு தொட்டி ஏணியில் விறுவிறுவென்று ஏறி, மூடியைத் தூக்கி உள்ளே பார்த்துவிட்டு இறங்கினாள்.

"டேங்க் ஃபுல்லா இருக்கு. அப்ப மோட்டார் மேல கொற சொல்ல முடியாது. வால்வத் தொறங்கண்ணே."

அவன் திறந்தான். அவளும் சுற்றுகளை எண்ணினாள். பதினாறு. முடிந்ததும், "சரிதான். நீங்க சொன்னது உண்மை," என்றாள். நாலு வாரத்தில் அப்படிச் சொன்ன முதல் ஆள் அவள்தான்.

இரண்டு நாள் அவர்கள் அந்தக் குழாயைப் பின்தொடர்ந்து நடந்தார்கள். தொட்டியிலிருந்து கிளம்பும் மூன்றங்குல பிளாஸ்டிக் குழாய் சோளக்காட்டு வரப்போரம் போய், பாறைமேட்டில் ஏறி, மறுபக்கம் ஓடைக்குள் இறங்கி, மறுபடி ஏறிக் கொட்டாய்க்குப் போகிறது. கொட்டாய்க்கு இந்தப் பக்கம் ஒரு இடத்தில் தோண்டி அறுத்துப் பார்த்தார்கள். வெறுங்குழாய், உள்ளே ஓணான் ஓடலாம். ஓடையைத் தாண்டிய கரையில் ஆணியைப் பழுக்கக் காய்ச்சி ஒரு ஓட்டை போட்டான் நடராசன். தண்ணீர் பீய்ச்சி அடித்தது. உடனே குச்சி வைத்து அடைத்தான்.

"இதுவரைக்கும் தண்ணி வந்து நிக்குது," என்றாள் நர்மதா. "ஆனா இதுக்கு மேல ஏற மாட்டேங்குது. வேர் கீர் அடைச்சிருக்குமா?"

அடைப்பும் இல்லை. அறுத்த இடத்திலிருந்து நீளமான கம்பியை விட்டுப் பார்த்தார்கள், தங்குதடை இல்லாமல் போய் வந்தது, பிறகு அறுத்த இடத்தை ஒட்டினார்கள். அவள் கண்ணாடி போலத் தெரியும் நீளமான பிளாஸ்டிக் டியூபில் தண்ணீர் நிரப்பி, ஒரு நுனியை அவன் பிடிக்க, மறுநுனியைத் தான் பிடித்து இடத்துக்கு இடம் மட்டம் பார்த்தாள். நோட்டில் எழுதினாள். பிறகு வரப்பில் உட்கார்ந்து வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டேங்க்ல இருக்கிற தண்ணி மட்டம் கொட்டாய்க் கொழாயவிடப் பதினாலு அடி ஒசரம்ணே. பாறைமேட்டவிடப் பதினோரு அடி ஒசரம். வழியில எந்த எடமும் டேங்கவிட மேல இல்ல. பதினாலு அடி மேல இருக்கிற தண்ணி எதுக்குக் கீழ எறங்காம நிக்கணும்? கொழாய் சைஸ், தூரம், ஒராய்வு எல்லாம் போட்டுப் பாத்துட்டேன். கணக்குப்படி ஒரு கொடம் ஒண்ணரை நிமிசத்துல ரொம்பணும்."

"கணக்கு தண்ணிக்குத் தெரியாதுங்களே மேடம்," என்றான் நடராசன். கிண்டலுக்குச் சொல்லவில்லை. அவனுக்கு அவள் மேல் பாவமாக இருந்தது.

அவள் சிரித்துவிட்டாள். "தண்ணிக்குத் தெரியும். நமக்குத்தான் எதோ ஒண்ணு தெரியல."

அந்த வாரம் அவள் பெரம்பலூரில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போய், உலகத்தில் எங்கெங்கோ இருக்கிற இன்ஜினியர்களும் குழாய்ப் பைத்தியங்களும் கேள்வி கேட்டுப் பதில் சொல்லிக்கொள்கிற ஒரு இணையப் பக்கத்தில் இந்தக் கதையை எழுதிப் போட்டாள். மட்டம், நீளம், குழாயின் அளவு எல்லாவற்றையும் எழுதி, படமும் வரைந்து போட்டாள். நாலு நாள் கழித்து, பதில்களை அச்செடுத்து ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு ஆலங்குறிச்சிக்கு வந்தாள். நடராசன் தொட்டிக்குக் கீழே இருந்தான்.

"பத்து பேரு பதில் போட்டிருக்காங்கண்ணே. பாதிப் பேரு எந்த ஃபார்முலா சரின்னு அவங்களுக்குள்ளயே சண்ட போட்டுக்கிட்டுக் கெடக்காங்க." அவள் ஒரு தாளை உருவினாள். "ஆனா எதோ குளிர் தேசத்துல ஆடு வளக்குற ஒருத்தரு, தன்னோட பண்ணைக்குத் தானே கொழாய் போட்டவராம். ரெண்டே கேள்வி கேட்டிருக்காரு. மொதக் கேள்வி, மேட்டுல காத்து வெளியேற வழி இருக்கான்னு. இதத்தான் நானும் மொதல்லயே நெனச்சேன். ஆனா நம்ம ஆபீஸ் டிராயிங்ல பாறைமேட்டுல ஏர் வால்வு போட்டிருக்கு. அதனால வுட்டுட்டேன், அவருக்கும் அப்புடியே எழுதிப் போட்டேன். அதுக்கு அவரு எழுதியிருக்காரு, டிராயிங்ல இருக்கு சரி, அந்த வால்வ நீ கையால தொட்டுப் பாத்தியான்னு."

"பாறைமேட்டுலயா? அப்புடி ஒரு வால்வ நான் பாத்ததே இல்லைங்களே. லைன் போட்ட ஆறு வருசமா அந்த எடத்துல நடமாடுறேன்."

நர்மதா நெற்றியில் கை வைத்தாள். "அப்ப டிராயிங்ல மட்டும்தான் இருக்கு. காண்ட்ராக்ட் எடுத்தவன் போடாமயே போயிட்டான். நானும் பேப்பர நம்பிட்டேன்." மறுபடி தாளைப் பார்த்தாள். "ஆனா ஒண்ணு இடிக்குதுண்ணே. வால்வே இல்லாம ஆறு வருசம் எப்புடித் தண்ணி போச்சு? அதத்தான் அவரு ரெண்டாவதாக் கேக்குறாரு. தண்ணி நிக்கிறதுக்கு முன்னாடி அந்த லைன்ல என்ன மாறிச்சு, வால்வு தொறக்குற ஆளக் கேளுன்னு. அந்த மேட்டுல நீங்க எதாவது வேல பாத்தீங்களா?"

அந்தக் கணத்தில் நடராசனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"இல்லைங்க மேடம்," என்றான்.

வேலை பார்த்திருந்தான். பங்குனி இரண்டாவது வாரத்தில். பாறைமேட்டில் பாறையைக் குடைய முடியாமல் குழாய் மண்ணுக்கு மேலேயே கிடக்கும். அங்கே இரண்டு குழாய்களை இணைக்கிற ஒரு கப்ளிங் வெகுகாலமாகவே மேல்பக்கம் விரிந்து கசிந்துகொண்டிருந்தது. காலையில் தண்ணீர் திறந்ததும் கொஞ்ச நேரம் புஸ்ஸென்று சீறும், அப்புறம் சாரல் மாதிரி அடிக்கும். ஆடுகள் வந்து நக்கும். வறட்சி வருசம், ஒரு சொட்டையும் வீணாக்கக் கூடாது என்று தலைவர் கூட்டத்தில் சொன்னார். மறுநாளே நடராசன் ஹேக்சா பிளேடை எடுத்துக்கொண்டு போய், விரிந்த கப்ளிங்கை அறுத்தெறிந்துவிட்டுப் புதுசைப் பசை தடவிப் பொருத்தினான். சொட்டு வெளியே வரவில்லை. தலைவர் எல்லார் முன்னாலும் அவனைத் தட்டிக்கொடுத்தார். நாலு நாள் தண்ணீர் வழக்கம்போலப் போனது. அப்புறம் மோட்டாருக்குள் கம்பிச்சுருள் எரிந்து, தொட்டி இரண்டு நாள் காலியாகக் கிடந்து, மோட்டார் சரியாகி வந்த பிறகுதான் கொட்டாய்க்குத் தண்ணீர் வராமல் போனது. அதனால் மோட்டாரில்தான் கோளாறு என்று ஊரே நினைத்தது. அவனும் அப்படித்தான் நினைத்தான். ஒழுகுகிற குழாயை அடைத்தால் தண்ணீர் நிற்கும் என்று யாருக்குத் தோன்றும்?

சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் என்ன ஆகும்? கொட்டாய் ஜனங்கள் இத்தனை நாளாக எதைச் சொன்னார்களோ அதுவே உண்மை என்றாகிவிடும். தண்ணியை நிறுத்தியது நடராசன்தான். சிந்தாமணியின் வாசலில் அந்த வார்த்தை என்னென்ன உருவம் எடுக்கும் என்று நினைக்கவே அவனுக்குக் கூசியது.

"சரிண்ணே," என்றாள் நர்மதா. அவள் அவனைச் சந்தேகப்பட்ட மாதிரி தெரியவில்லை. அதுதான் அதிகமாகச் சுட்டது. "திங்கக்கெழம வந்து மேட்ட ஒரு தடவ பாத்துடலாம்."

ஞாயிற்றுக்கிழமை காலை அவன் கொட்டாய் வால்வைப் பதினாறு சுற்றும் திறந்துவிட்டு நேராகப் பாறைமேட்டுக்கு நடந்தான். கையில் ஆணி, இடுக்கி, கொஞ்சம் விறகு. தான் ஒட்டிய புதுக் கப்ளிங் வெயிலில் பளபளவென்று கிடந்தது. சுள்ளியை மூட்டி ஆணியைக் காய்ச்சினான். ஓட்டை போட்டு ஒன்றும் நடக்காமல் போய்விட்டால் நல்லது என்று மனசின் ஒரு பாதி நினைத்தது. நடக்க வேண்டும் என்று மறுபாதி நினைத்தது. குழாயின் முதுகில் ஆணியை வைத்து அழுத்தினான்.

புஸ்ஸ்ஸ் என்று காற்று கிளம்பியது. லாரி டயரில் காற்றைப் பிடுங்கிவிடுகிற மாதிரி. பழைய கசிவு காலையில் போடுகிற அதே சத்தம். அவன் பக்கத்துப் பாறையில் உட்கார்ந்துவிட்டான். அது நிற்கவே இல்லை. ஒரு பீடி பிடித்து முடித்தான். அதற்குப் பிறகும் சீறிக்கொண்டே இருந்தது. பிறகு குழாய்க்குள் கடகடவென்று ஏதோ உருண்டது. ஓட்டை காறித் துப்பியது, காற்றும் தண்ணீருமாகக் கக்கியது, கடைசியில் மெல்லிசான ஒரு தண்ணீர்க் கம்பி நேராக எழுந்து நின்றது. அவன் கட்டைவிரலால் ஓட்டையை அழுத்திக்கொண்டு கொட்டாய்ப் பக்கம் காது கொடுத்தான்.

முதலில் ஒன்றுமில்லை. அப்புறம் ஒரு பெண்ணின் கத்தல். அதைத் தொடர்ந்து குடங்கள் மோதுகிற சத்தம், குழந்தைகளின் கூச்சல், யாரோ யாரையோ பெயர் சொல்லி அழைப்பது. ஓடைக்கு அந்தப் பக்கமிருந்து எல்லாம் தெளிவாகக் கேட்டது. நடராசன் விரலை எடுக்காமல் அழுதான். ஏன் அழுகிறோம் என்று அவனுக்கே தெரியவில்லை.

திங்கட்கிழமை நர்மதா வண்டியை நிறுத்துவதற்கு முன்பே அவன் சொல்லிவிட்டான். "மேடம், அன்னிக்கு நான் பொய் சொன்னேன். மேட்டுல இருந்த ஓட்டைய அடைச்சது நான்தான்." அறுத்தது, ஒட்டியது, தலைவர் தட்டிக்கொடுத்தது, நேற்று ஆணி வைத்தது எல்லாவற்றையும் சொன்னான்.

அவள் திட்டவில்லை. மேட்டுக்குப் போய், அவன் வேப்பங்குச்சி செருகியிருந்த ஓட்டையைத் தொட்டுப் பார்த்தாள். நோட்டை எடுத்து ஒரு கோடு வரைந்தாள்.

"பாருங்கண்ணே. மோட்டார் எரிஞ்ச ரெண்டு நாள்ல கொழாயும் காலியாகிக் காத்து புகுந்துடுச்சு. அதுக்கப்புறம் தண்ணி தொறந்தா, தண்ணி மேட்டத் தாண்டி ஓடையில போயி விழுந்து நெறைஞ்சுடுது. நடுவுல இருக்கிற காத்துக்கு மேலயும் வழியில்ல, கீழயும் வழியில்ல. டேங்க்லேர்ந்து வர்ற தண்ணிக்கு இந்த மேட்டுல பதினோரு அடி பலம்தான். அந்தக் காத்த அமுக்கி, காத்து ஓடைத்தண்ணியத் தள்ளி, தண்ணி கொட்டாய்க்கு ஏறணும். ஓடையிலேர்ந்து ஏற வேண்டியது பதினஞ்சு அடி. பதினோரு அடிதான் ஏறும். அன்னிக்கு ஓடைக்கரையில நீங்க போட்ட ஓட்டையில தண்ணி இருந்தது, மேல இல்லாமப் போனது, எல்லாத்துக்கும் இதான் காரணம்." பென்சிலைச் செருகிக்கொண்டாள். "காண்ட்ராக்டர் போடாத ஏர் வால்வு வேலைய அந்த விரிஞ்ச கப்ளிங்தான் ஆறு வருசமாப் பாத்துக்கிட்டிருந்திருக்கு. ஒழுகுறத யாரு பாத்தாலும் அடைக்கத்தான் செய்வாங்க. நான் பாத்திருந்தா நானும்தான் அடைக்கச் சொல்லியிருப்பேன்."

"கொட்டாய்ல இத எப்புடிங்க சொல்றது?"

"நான் வந்து சொல்லட்டுமா?"

"வேண்டாங்க. கூட வாங்க, போதும். நானே சொல்லிடுறேன்."

வேப்பமரத்தடியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அம்மாக்கண்ணு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அவன் பேசி முடிக்கும்வரை கேட்டாள். சிந்தாமணி கூட்டத்துக்குப் பின்னால், சுவரோரம் நின்றாள்.

"அப்ப நீதான் நிறுத்துன," என்றாள் அம்மாக்கண்ணு.

"ஆமா ஆத்தா. தெரியாமப் பண்ணுனேன். ஆனா பண்ணுனது நான்தான்."

"தலைவரு சொல்லி இல்ல?"

"அவரு தண்ணிய மிச்சம் புடிக்கச் சொன்னாரு. நான் ஒழுகுறத அடைச்சேன். அவ்வளவுதான் நடந்தது."

யாரோ ஒருத்தன், "ஓட்டைய அடைச்சா தண்ணி நிக்குமாம், ஓட்டை போட்டா தண்ணி வருமாம். காதுல பூச்சுத்துறான்யா," என்றான். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அம்மாக்கண்ணு சிரிக்கவில்லை. நடராசனையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"செஞ்சவன் வந்து செஞ்சேன்னு சொல்றானே, அத வுட்டுட்டு எதுக்குடா சிரிக்கிறீங்க," என்று அதட்டினாள். பிறகு அவனிடம், "நாளைக்கும் வருமா?" என்று கேட்டாள்.

"வரும்."

வரவைக்க வேண்டியது அவன்தான். ஏர் வால்வுக்கு ஒன்றியத்தில் எழுதிக் கேட்டு வாங்க மூன்று வாரம் ஆகும் என்றாள் நர்மதா. குச்சி வழியே இரவில் மறுபடி காற்று புகுந்துவிடும் என்பதால், அதுவரை தினமும் நடராசன் ஆறரைக்கு வால்வைத் திறந்துவிட்டு, பாறைமேட்டுக்கு நடந்து, குச்சியைப் பிடுங்கி, காற்று போகும்வரை உட்கார்ந்து, தண்ணீர் எழுந்ததும் மறுபடி அடைத்துவிட்டு வந்தான். ஓடைப் பக்கம் வெளிக்குப் போக வருகிறவர்கள் அவன் அங்கே குழாயைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்கள். ஒன்பதாவது நாளோ பத்தாவது நாளோ, ஓடையிலிருந்து சிந்தாமணி ஏறி வந்தாள். கையில் தூக்குவாளி.

அவன் எழுந்திருக்கப் பார்த்தான். ஆனால் குச்சியை அப்போதுதான் பிடுங்கியிருந்தான். அவள் வாளியைப் பாறையில் வைத்துவிட்டுக் கொஞ்ச தூரம் தள்ளி உட்கார்ந்தாள். காற்று சீறிக்கொண்டிருந்தது.

"இதுவா சத்தம் போடுது?" என்றாள். கிட்டத்தட்ட ஒரு மாசம் கழித்து அவனிடம் பேசிய முதல் வார்த்தை.

"இதான். கொழாய்க்குள்ள மாட்டிக்கிட்ட காத்து."

"வெறுங்காத்துக்கு இம்மாம் தண்ணிய நிறுத்துற பலம் இருக்கா?"

"வெரல வச்சுப் பாரு."

அவள் தயங்கி, நகர்ந்து வந்து, ஆள்காட்டி விரலை ஓட்டைமேல் வைத்தாள். காற்று விரலைத் தள்ளியது. "யம்மாடி," என்று எடுத்துக்கொண்டாள். மறுபடி வைத்தாள். கண்ணை இடுக்கி, சின்ன வயசில் பம்புசெட்டுத் தொட்டியில் நீர்க்குமிழியைப் பிடிக்கப் பார்த்த அதே முகம். குழாய்க்குள் கடகடவென்று உருண்டது. "எடு, எடு," என்று அவன் சொல்வதற்குள் ஓட்டை அவள் முகத்தில் துப்பியது. தாவணி வயசுப் பெண் மாதிரி வீல் என்று கத்திக்கொண்டு பின்னால் சாய்ந்தாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றது.

"பந்தியில வச்சு அப்புடிச் சொல்லியிருக்கக் கூடாதுண்ணே. சாப்புட ஒக்காந்த மனுசன்கிட்ட."

"நீ கேட்டதுல என்ன தப்பு? எங்கிட்ட பதிலுதான் இல்ல."

அவன் குச்சியைச் செருகி, கல்லால் இரண்டு தட்டுத் தட்டினான். வைகாசி வெயில் அதற்குள் பாறையைச் சுட ஆரம்பித்திருந்தது. அவள் தூக்குவாளியைத் திறந்தாள். கம்பங்கூழ், சின்ன வெங்காயம், மோர்மிளகாய். அவன் குடிக்கும்வரை கூடவே இருந்துவிட்டு, காலி வாளியை வாங்கிக்கொண்டாள்.

"வூட்டுக்கு வந்துட்டுப் போ," என்றாள். "மாமா ஏன் வரலன்னு அனிதா தெனமும் நச்சரிக்கிறா."

இருவரும் ஓடைக்குள் இறங்கினார்கள். மறுகரையில் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பிய பெண்கள் இரண்டு பேர் வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள். "என்ன நடராசா, தங்கச்சி வூட்டுக்கா?" என்றாள் ஒருத்தி.

"ஆமா ஆத்தா, போயிட்டு வரேன்," என்றான் நடராசன்.